கானா ஊர் சர்டிபிகேட்

அதையா பாக்குதிய? வாங்க, உள்ள வாங்க தம்பி. செருப்பு அங்கனயே கிடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாவ. அது கானா ஊர்ல குடுத்த சர்டிபிகேட்டு. தண்ணி திராட்சரசமா மாறிச்சுலா, அந்தக் கல்யாண வீடு இருந்த ஊரு. சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். வீட்டுக்கு யாரு வந்தாலும் முதல்ல கண்ணு அங்கதான் போகும்.

உக்காருங்க, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. யாத்திரை விஷயமா வந்திருக்கேன்னு வாசல்லயே சொல்லிட்டியள்லா, போதும், எனக்குப் புரிஞ்சு போச்சு. நாங்க போயிட்டு வந்ததுலேருந்து சுத்துப்பட்டுல யாரு எருசலேம் போறதா இருந்தாலும் விவரம் கேக்க இங்கதான் வருவாவ. எமி! ஏ எமி! டீ ரெண்டு. சீனி தூக்கலாப் போடு, தம்பி வெயில்ல வந்திருக்காவ.

பையை எதுக்கு மடியிலயே வச்சிருக்கிய? கீழ வைங்க. பேப்பரு, ஃபாரம் எல்லாம் அப்புறம் பாப்பம். இந்தக் கைதான் அதெல்லாம் பாக்கப் பிறந்த கை. முப்பத்தாறு வருஷம் தாலுகா ஆபீஸ்ல இருந்தவன் நான், தலைமை எழுத்தரா ரிட்டயர்ட் ஆனவன். எட்வின் தங்கப்பழம்னு சொன்னா இன்னைக்கும் அங்க எந்திரிச்சு நிப்பானுவ. எங்க யாத்திரையில முப்பத்தெட்டு பேரு. முப்பத்தெட்டு பேரு ஃபாரத்தையும் நாந்தான் எழுதுனேன். ஒண்ணு திரும்பி வரல, பாத்துக்கிடுங்க.

முதல்ல ஷூ. புது ஷூ வாங்கிப் போட்டுட்டுப் போயிராதிய. எருசலேம் பூராவும் கல்லுத் தெரு, ரெண்டாம் நாளே குதிகாலு வீங்கிரும். அடுத்தது ஊறுகா. அங்க சாப்பாட்டுல உப்பும் கிடையாது, உறைப்பும் கிடையாது, எலையும் தழையுமா வைப்பான். எலுமிச்சங்கா ஊறுகாயை நல்லாக் கட்டி பெரிய பெட்டிக்குள்ள வச்சிருங்க. யோர்தான் தண்ணி எடுக்க இங்கேருந்தே கேன் கொண்டு போயிருங்க. சவக்கடல்ல இறங்குத அன்னைக்குக் காலையில சவரம் பண்ணிராதிய. நான் பண்ணுனேன். அந்த உப்புத் தண்ணி முகத்துல பட்டு, ஐயோ, ஆண்டவரேன்னு கத்துனேன். மத்தவங்கல்லாம் நான் பக்தியில கத்துதேன்னு நினைச்சிட்டாவ.

இருங்க, என்ன அவசரம்? சொல்லி முடிச்சிருதேன்.

கானா ஊரைப் பத்தி மட்டும் கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். அவ அடுப்பங்கரையில இருக்கா.

அங்க ஒரு பழக்கம் உண்டு. தம்பதியா போறவங்களை கோயிலுக்குள்ள நிப்பாட்டி, கல்யாண உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறது. கூட வந்த ஐயரே, அதான் எங்க சபைப் போதகரே, மறுபடியும் கேப்பாவ, சம்மதமான்னு. நாம சம்மதம்னு சொல்லணும். மோதிரத்தைக் கழத்தி மறுபடி மாட்டி விடணும். உடனே அந்த ஊரு முத்திரை வச்ச சர்டிபிகேட் ஒண்ணு தருவான். யாரு யாருக்கு வேணும்னு முன்கூட்டியே பேரு கேட்டு எழுதிருவாவ. நான் முதல் ஆளா எங்க ரெண்டு பேரையும் எழுதிட்டேன். அவகிட்டக் கேட்டியளான்னு நீங்க கேப்பிய. என்னத்தக் கேக்க? பொண்டாட்டியைக் கல்யாணம் பண்ணப் பொண்டாட்டிகிட்ட உத்தரவா வாங்குவாவ?

எங்க வீட்டுல எல்லாத்தையும் நாந்தான் பாத்துக்கிடுவேன் தம்பி. அவளுக்கு ஒரு தொந்தரவும் வச்சதில்ல. பேங்கு, ரேஷன், வரி, ஒண்ணுக்கும் அவளை அலைய விட்டதில்ல. அவ கையெழுத்தைக் கூட நானே போட்டுருவேன். அவளை விட நல்லாவே போடுவேன். அப்பிடி வச்சிருந்தேன் அவளை.

ஆனா இந்த யாத்திரையில தொடக்கமே சரியில்ல. யோர்தான் நாட்டுப் பக்கமிருந்து பஸ்ல வந்து, எல்லையில இறக்கி விட்டாவ. அங்க ஒவ்வொருத்தரையா தனியாக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாவ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளப் பிள்ளை, நம்ம மகளை விடச் சின்ன வயசு, இடுப்புல துப்பாக்கி. எமியைப் பாத்து என்ன வேலை பாக்குதிங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டுது. நான் பின்னாலேருந்து ஹவுஸ் ஒய்ஃப்னேன். ஃபாரத்துல அப்பிடித்தான் எழுதியிருந்தேன். இவ டீச்சருன்னா. மிஷன் பள்ளிக்கூடத்துல இருபத்தேழு வருஷம் சயின்ஸ் எடுத்தவதான், இல்லைங்கல. ஆனா ரிட்டயர்ட் ஆயிட்டால்லா, அப்புறம் வீட்டுலதான இருக்கா? ஒண்ணு ஃபாரத்துல இருக்கு, ஒண்ணு வாயில வருது, அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துட்டு. நான் விளக்கம் சொல்லப் போனேன். அது என்னைய ஒரு பார்வை பாத்து, நீங்க பின்னால போங்க, அவங்க பேசட்டும்னு சொல்லிட்டு. மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்னைய நிப்பாட்டிட்டானுவ.

பத்து நிமிஷம் தம்பி. பத்து நிமிஷம் அந்தப் பிள்ளை கேக்குது, இவ பதில் சொல்லுதா. எனக்கு இங்க வேர்த்து ஊத்துது, என்னத்த உளறி வைக்கப் போறாளோன்னு. பாத்தா ரெண்டு பேரும் சிரிக்காவ. வெளிய வந்தவகிட்ட என்ன கேட்டான்னு கேட்டேன். "என்னையப் பத்திக் கேட்டா"ன்னு சொன்னா. அவ்வளவுதான். அன்னைக்கு பஸ்ல சன்னலோரம் உக்காந்து தானா சிரிச்சிட்டே வந்தா. எனக்கு அப்பவே மனசுக்குள்ள என்னமோ ஒரு இது.

மறுநாள் கானா ஊர். பஸ்ல மைக் சுத்தி வரும், ஆண்டவர் செஞ்ச நன்மையை ஆளுக்கு ரெண்டு வார்த்தை சாட்சியாச் சொல்லணும். தூங்கி வழிஞ்சிட்டு இருக்காவளேன்னு, எங்க கல்யாணக் கதையை எடுத்து விட்டேன். எங்க குடும்பத்துல எல்லா விசேஷத்துக்கும் சொல்லுத கதைதான். உங்களுக்கும் சொல்லுதேன், சிரிப்பிய. எங்க கல்யாணத்துல ஐயர் எங்கிட்டக் கேட்டாவ, நான் கணீர்னு சம்மதம்னேன். அடுத்தது அவகிட்ட. இவ பேசாம நிக்கா. ஐயர் ரெண்டாவது தடவ கேக்காவ. இவ வாயே திறக்கல, கண்ணுல தண்ணியா ஓடுது. எங்க பெரியக்கா பின்னாலதான் நின்னா, முக்காட்டைச் சரி பண்ணுத மாதிரி கையைக் கொண்டு போயி, இவ தலையைப் பிடிச்சு ஒரு அமுக்கு! தலை குனிஞ்சுதா, ஐயர் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிட்டாவ. பஸ்ஸே குலுங்குச்சு தம்பி. டிரைவருக்குத் தமிழ் தெரியாது, அவனும் சிரிக்கான்.

நீங்க ஏன் சிரிக்கல?

அன்னைக்கு ஏன் அழுதாங்கியளா? பயந்தான், வேற என்ன. அப்பம் அவளுக்குப் பாளையங்கோட்டையில எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைச்சிருந்துது. அதுக்குப் போகணும்னு ஒரு நினைப்பு இருந்திருக்கும் போல. கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு எதுக்குன்னு நானே காலேஜுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுட்டேன், இடம் வேண்டாம்னு. அவ பேருலதான் எழுதுனேன். அலைச்சல் மிச்சம்லா? அதெல்லாம் அவ என்னைக்கோ மறந்திருப்பா.

பஸ்ல அவ சிரிக்கல. சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தா. ஒலிவ மரத்தைப் பாக்காளோன்னு நினைச்சேன்.

கோயிலுக்குள்ள போனோம். ஒன்பது சோடி. ஆம்பளையெல்லாம் சட்டையில ஒரு பூ, பொம்பளையெல்லாம் பட்டுச் சேலை. இந்த கைடு பேசுறது எல்லாருக்கும் கேக்கணும்னு காதுல மாட்டுத மிஷின் ஒண்ணு குடுத்திருப்பாவ, தெரியும்லா? ஐயர் அந்த மைக்கை வாங்கிக்கிட்டுதான் ஆராதனை நடத்துனாவ. அவங்க மூச்சு விடுதது கூட முப்பத்தெட்டு பேரு காதுலயும் கேக்கும். எங்க முறை வந்துது. "எட்வின், இந்த எமிமாளை இன்னமும் உம்முடைய மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" சம்மதம்னேன். கணீர்னுதான் சொன்னேன். "எமிமாள், இந்த எட்வினை இன்னமும் உம்முடைய கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" மைக்கை அவ வாய்கிட்டக் கொண்டு போனாவ.

"யோசிச்சுச் சொல்லுதேன் ஐயா"ன்னா.

மெதுவாத்தான் சொன்னா. ஆனா அந்த மிஷின் இருக்கே, பாவி மிஷின், அத்தனை பேரு காதுக்குள்ளயும் போய்ச் சொல்லிட்டு. வாசல்ல பாத்ரூமுக்குப் போன ஆளு கூட கேட்டுட்டாவ. நான் மோதிரத்தைக் கழத்தி கையில வச்சிக்கிட்டு நிக்கேன். ஐயர் புத்தகத்தைப் பாக்காவ, என்னையப் பாக்காவ. புத்தகத்துல அதுக்குப் பதில் எழுதியிருக்காது பாருங்க. சம்மதம்னா என்ன சொல்லணும்னு இருக்கு. யோசிக்கேன்னா என்ன சொல்லணும்னு எவன் எழுதி வச்சான்? "சரிம்மா, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த சோடிகிட்டப் போயிட்டாவ.

பின்னால இப்பம் பெரியக்காவும் இல்ல. செத்து நாலு வருஷம் ஆச்சு.

அதுக்குப் பிறகு எனக்கு யாத்திரை ஏது? பெத்லகேம் போனோம்னு ஃபோட்டோவைப் பாத்தாத்தான் தெரியுது. எல்லாரும் சிலுவைப் பாதையில அழுதுக்கிட்டுப் போறாவ, நானும் அழுதேன். ஆனா எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும், நான் எதுக்கு அழுதேன்னு. அவளா? அவ நல்லா இருந்தா. பொம்பளைங்களோட சேர்ந்து சவக்கடல்ல மிதந்தா தம்பி! கையைக் காலை விரிச்சுப் போட்டு, வானத்தைப் பாத்துக்கிட்டு, அரைமணி நேரம். நான் முகம் எரிஞ்சு கரையேறி, ரெண்டு கேனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

சர்டிபிகேட்டு எப்பிடி வந்துதுன்னு கேப்பிய. அதான் முன்கூட்டியே பேரு எழுதிருவான்னு சொன்னேன்லா. கைடுக்கு என்ன தெரியும்? கத்தையாக் கொண்டு வந்து எல்லாருக்கும் குடுத்த மாதிரி எனக்கும் குடுத்துட்டுப் போயிட்டான். அடியில ரெண்டு கோடு, கையெழுத்துப் போட. நான் என்னோடதைப் போட்டேன். அவ பக்கத்துக் கோடு வெறுமனே கிடந்துது. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அப்பிடியே மேசையில வச்சிருந்தேன், போடுவா போடுவான்னு. போடல. கடைசியில நானே போட்டுட்டேன்.

ஏன் அப்பிடிப் பாக்குதிய? முப்பத்து மூணு வருஷமா நான் போடுத கையெழுத்துதான. சட்டம் போட்டு மாட்டுன அன்னைக்குக் காலையில வந்து நின்னு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "நல்லா இருக்கு. நான் போட்ட மாதிரியே இருக்கு"ன்னா. அப்பாடா, சமாதானம் ஆயிட்டான்னு நினைச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே சேலையை மாத்திக்கிட்டு கோயில்ல பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கிளம்பிட்டா. இப்பம் ஒரு வெள்ளிக்கிழமை தவறதில்ல.

இதோ ஆச்சு தம்பி, முடிக்கப் போறேன். அம்மாகிட்டயும் பேசணுமா? பேசலாம், டீ கொண்டு வருவா.

ஏழு மாசம். தினம் காலையில கேக்குதேன். "எமி, யோசிச்சிட்டியா?" "இன்னும் இல்ல." அவ்வளவுதான் பதிலு. சண்டை போட்டாலும் சமாதானம் பண்ணலாம். சண்டையே போடமாட்டேங்கா. சோறு பொங்குதா, எனக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துத் தாரா, ராத்திரி ஜெபத்துல என் பேரைச் சொல்லி ஜெபிக்கா. பிள்ளைங்க பேரு, ஐயர் பேரு, அண்டை வீட்டுக்காரன் பேரு, அந்த வரிசையில என் பேரும் வருது. நான் என்னத்தச் சொல்லிக் குறைபட?

சும்மா இருந்தேன்னு நினைக்காதிய. ஐயரைக் கூட்டிட்டு வந்தேன். "அம்மா, உங்களுக்கு என்ன குறை?"ன்னு கேட்டாவ. ஒரு குறையும் இல்ல ஐயான்னேன். ஐயர் என்னையக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லிட்டாவ! என் வீட்டுலேருந்து என்னைய! அரைமணி நேரம் கழிச்சு வந்து, "பொறுமையா இருங்க எட்வின்"னு தோளைத் தட்டிட்டுப் போயிட்டாவ. அடுத்தது சேலை எடுத்துக் குடுத்தேன். பச்சைப் பட்டு. அதை அப்பிடியே பெங்களூர்ல இருக்க மகளுக்கு அனுப்பிட்டா. மக ஃபோன்ல சொல்லுதா, அம்மாவுக்குப் பச்சை பிடிக்காதுப்பான்னு. முப்பத்து மூணு கிறிஸ்மஸுக்கும் பச்சைதான் எடுத்துக் குடுத்திருக்கேன் தம்பி. ஒரு நாளு வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?

எனக்குப் பயமா இருக்கு. வயசானவன் சொல்லுதேன்னு சிரிக்காதிய. அவ இல்லைன்னு சொல்லிட்டா என்ன செய்வேன்? இந்த வயசுல வீட்டை விட்டு எங்க போவா, போகமாட்டா. இந்த வீட்டுலயே இருப்பா, இப்பிடியே டீ போட்டுத் தருவா. ஆனா இல்லைன்னு சொல்லிட்டா, எனக்கு யாரு தம்பி அவ? தினம் காலையில கேக்குதப்ப, இன்னைக்கும் இன்னும் இல்லைன்னு சொல்லிரணும் ஆண்டவரேன்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டுதான் கேக்குதேன்.

வா எமி, டீயை வை. தம்பி யாத்திரை போறாவளாம், விவரம் கேட்டு வந்திருக்காவ.

என்ன? அவங்க போகலியா?

எமி, உங்கிட்டயா? எங்கிட்ட இல்லியா? என்னத்தைச் சொல்லுதிய ரெண்டு பேரும்? பெண்கள் ஐக்கிய சங்க யாத்திரையா? அடுத்த மாசமா? டிராவல்ஸ் ஆபீஸ்லேருந்து இவ பாஸ்போர்ட்டு வாங்கிட்டுப் போகவா வந்திய? அது பீரோவுல என் ஃபைலுக்குள்ளதான் இருக்கு, ரெண்டு பேரோடதும் சேர்த்து... அது எப்பிடி உன் கையில வந்துது எமி?

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

என்ன கேக்குதா பாத்தியளா? "தம்பி வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு. எதுக்கு வந்திருக்காவன்னு கேட்டியளா?"ங்கா. நியாயந்தான். நான் கேக்கல. நீங்க ரெண்டு மூணு தடவ வாயைத் திறந்திய. நாந்தான் விடல.

ஃபாரத்தைக் குடுங்க, நான் எழுதித் தாரேன். வேண்டாமா? எழுதிட்டாளா? ஒரு பார்வை பாத்துட்டுத் தாரேன், தப்பு இருந்தாத் திரும்பி வந்துரும்லா. பேரு, எமிமாள். வேலை... ரிட்டயர்ட் டீச்சர். உடன் வருபவர், ஒரு கோடு இழுத்து விட்டிருக்கா. ஒரு தப்பும் இல்ல தம்பி. சரியா எழுதியிருக்கா.

வாசிங்க, வாசிங்க. விதிமுறைன்னா வாசிச்சுக் காட்டத்தான் வேணும். எனக்குத் தெரியாத சட்டமா. குடும்பத்தார் யாரும் இல்லாமல் தனியாக வருவதற்கு... மேல வாசிங்க. முழு மனதோடு...

கேட்டியளா?

நீங்களும் கேட்டியள்லா? சம்மதம்னா. உள்ள பாத்ரூம்ல நின்னாலும் கேக்கும், அம்புட்டுத் தெளிவு. இருபத்தேழு வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துன குரல்லா. மைக்கெல்லாம் வேண்டியதில்ல. முப்பத்து மூணு வருஷத்துல இந்த வார்த்தையை அவ வாயிலேருந்து நான் இப்பத்தான் கேக்கேன் தம்பி. அன்னைக்கு பெரியக்கா மட்டும் கையை வைக்காம இருந்திருந்தா, இவ என்ன சொல்லியிருப்பாளோ.

கையெழுத்தும் போட்டுட்டா. நான் போடுதது இப்பிடி இல்ல. நான் 'எ'வை இழுத்து விடுவேன், இவ இழுக்கல.

பேனாவை மூடி வைங்க. உக்காருங்க, ஏன் எந்திரிக்கிய? டீ அப்பிடியே இருக்கு, தொடவே இல்லியே. ஆறிப் போச்சு. ஏன், என்ன?

சீனி சேராதா உங்களுக்கு?

நான் கேக்கவே இல்ல பாருங்க.